கெட்ட வார்த்தைய வெட்டுனா சிரிப்பு ஏன் செத்துப்போகுது? 'ஆரண்ய காண்டம்' முதல் நம்ம கரையில எடுக்கிற குறும்படம் வரைக்கும்

[திரையில்: தனுஷ்கோடி, விடியற்காலை. கரைவலை இழுக்கிற ஆட்கள். பின்னணி இசை இல்லை, அம்பாப் பாட்டு மட்டும்.]

கரைவலை இழுக்கும்போது முன்னாடி நிக்கிறவர், இழுக்கிறவங்க சேர்ந்து பாடுற அம்பாவுல ஒரு சொல்ல எடுத்துக் குடுப்பாரு. அந்தச் சொல்லு விழுற இடத்துல எல்லார் கையும் ஒண்ணா இழுக்கும். சொல்லு வரலைன்னா கயிறு தொய்ஞ்சிடும். சாவு, குற்றம் மாதிரி விஷயத்த வச்சே சிரிக்கவைக்கிற பிளாக் காமெடி படத்துல கெட்ட வார்த்தைக்கும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அர்த்தத்தவிட அது விழுற நேரம் முக்கியம். ராமநாதபுரம் கடலோரத்துல குறும்படம், சின்ன பட்ஜெட் படம்னு எடுக்க நினைக்கிறவங்களுக்காக இத முழுசா பேசுறோம்.

[திரையில்: 'ஆரண்ய காண்டம்', 10 ஜூன் 2011]

முதல்ல தியாகராஜன் குமாரராஜாவோட முதல் படம். ஒரே நாள்ல நடக்கிற கதை. வயசான தாதாவா ஜாக்கி ஷெராஃப், கூடவே சம்பத், ரவிகிருஷ்ணா, யாஸ்மின் பொன்னப்பா, குரு சோமசுந்தரம். யுவன் சங்கர் ராஜா பின்னணி இசை மட்டும் போட்டாரு, படத்துக்குன்னு பாட்டே கிடையாது. 2010ல நியூயார்க்குல நடந்த தெற்காசிய திரைப்பட விழாவுல நடுவர் குழு விருது வாங்கிட்டுத்தான் ஊருக்கே வந்துச்சு. இங்க தணிக்கையில 52 இடத்துல வெட்டச் சொன்னாங்க. வன்முறையும் பேச்சும்தான் காரணம். தயாரிப்பு தரப்பு ஒத்துக்காம டெல்லியில இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், 'ஏ' சான்றிதழோட வெளியே கொண்டுவந்தாங்க.

தியேட்டர்ல படம் நிக்கல. அடுத்த வருஷம் அறிவிச்ச தேசிய விருதுல, சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும் சிறந்த படத்தொகுப்பு விருதும் அதுக்குத்தான். தியேட்டருக்குப் போகாத ஒரு தலைமுறையே பின்னாடி கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுக் கொண்டாடுச்சு.

இந்த வித்தியாசம் ஏன்? பக்கத்து சீட்டுல யாரு உட்கார்ந்திருக்காங்கங்கிறதுதான் பெரிய காரணம்னு நாங்க நினைக்கிறோம். பாம்பன்லயோ தொண்டியிலயோ ஏலக் கரையில காலையில நின்னு பாருங்க. ஐஸ் வர லேட்டானாலும் திட்டு, கூறு விலை குறைஞ்சாலும் திட்டு. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதே ஆளு சாயங்காலம் அம்மாவோடயும் மதினியோடயும் ராமநாதபுரத்துல தியேட்டருக்கு வந்தா, அதே வார்த்தை ஸ்பீக்கர்ல வந்ததும் நெளிவாரு. வார்த்தை மாறல, சபை மாறிடுச்சு. ஹெட்செட் போட்டு ஒத்தையாளா பாக்கும்போது அந்தச் சபை இல்ல, அதனால சிரிப்பு வருது.

சரியா மூணு வாரம் கழிச்சு, 2011 ஜூலை 1ல 'டெல்லி பெல்லி'ன்னு பாலிவுட் படம் வந்துச்சு. அதுவும் 'ஏ', அதுலயும் வாய் நிறைய வசவு, ஆனா நல்லா ஓடுச்சு. வர்ற கூட்டம் யாருன்னு முன்னாடியே சொல்லி, நண்பர்கள் கூட்டத்த குறிவச்சு விளம்பரம் பண்ணாங்க. 2013ல 'சேட்டை'ன்னு தமிழுக்குக் கொண்டுவந்தப்ப வசவ எடுத்துட்டாங்க, அந்த அளவு வரவேற்பு வரல. அந்தக் கதையில வசவு மேல தூவின மசாலா இல்ல, நடை. அத உருவிட்டா மிச்சம் இருக்கிறது வெறும் சம்பவங்கதான்.

[திரையில்: எடிட்டிங் டைம்லைன், ஒரு வசனத்தோட ஒலி அலை]

இப்ப ஒரே ஒரு வசனத்த கிட்டப்போய் பாக்கலாம். ஒரு எழவு வீடு. படகு முதலாளி, அதான் சம்மாட்டி, செத்துட்டாரு. பந்தல்ல அழுகை. கடன் குடுத்தவன் மாலையோட உள்ள வர்றான். எல்லாரும் கப்சிப். மூத்த மகன் தலைய நிமிர்த்தி, "என்ன மயிருக்குடா வந்த?"ன்னு கேக்குறான்.

சிரிப்பு எங்க வருது? துக்கத்துல இருக்கிற வாய்ல இருந்து அந்தச் சொல்லு வர்ற இடத்துல. படம் நொடிக்கு 24 பிரேம். அந்தச் சொல்லு அதுல சுமார் 12 பிரேம், அரை நொடி. அத மியூட் பண்ணா "என்ன... டா வந்த?"ன்னு ஒரு ஓட்டை விழும். ஜனங்க வசனத்த விட்டுட்டு ஓட்டைய கவனிப்பாங்க. பீப் போட்டா இன்னும் மோசம், சாவு வீட்டுக்குள்ள ஃபோன் அடிச்ச மாதிரி இருக்கும்.

மாத்துச் சொல்லு தேடுறதுன்னா உதட்டப் பாத்துத் தேடணும். ப, ம ரெண்டும் உதடு ஒட்டுற எழுத்து, கேமராவுல பளிச்னு தெரியும். 'மயிருக்கு'ங்கிற இடத்துல 'மண்ணுக்கு' வச்சுப் பாருங்க. ரெண்டும் 'ம'வுல ஆரம்பிக்குது, 'உக்கு'ன்னு முடியுது. அரை மாத்திரைதான் வித்தியாசம். மிட் ஷாட்ல யாருக்கும் தெரியாது. 'எழவுக்கு' அர்த்தத்துல காட்சிக்கு இன்னும் பொருத்தம், ஆனா முதல் எழுத்துலயே வாய் திறந்துடுது, குளோசப்புல மாட்டிக்கும். அந்தச் சொல்லத்தான் வைக்கணும்னா, கேட்டுக்கிட்டிருக்கிற கடன்காரன் முகத்துக்கு ஷாட்ட மாத்திட்டு வைங்க.

இத எடிட்டிங் டேபிள்ல யோசிச்சா லேட். ஷூட்டிங்லயே டேக் ஓகே ஆனதும், அதே ஆள, அதே இடத்துல, அதே மைக்குல மூணு தடவை பேசவைங்க: எழுதுன வார்த்தை, மாத்து வார்த்தை, வார்த்தையே இல்லாம அதே கோபம். இதுக்கு வைல்ட் டிராக்னு பேரு. ரெண்டு நிமிஷ வேலை. இது கையில இல்லாம ரெண்டு மாசம் கழிச்சு சென்னையில ஏ.சி. ரூம்ல டப் பண்ணா, குரல்ல இருந்த காத்தும் களைப்பும் போயிடும். ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரியும்.

அடுத்து ரூம் டோன். ஒவ்வொரு லொக்கேஷன்லயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்குங்க. வார்த்தைய வெட்டுன இடத்துல வெறும் அமைதி வச்சா, அலைச் சத்தமும் சேர்ந்து அரை நொடி நின்னு போகும். கடல் நிக்காது, அதனால பாக்கிறவன் உடனே கண்டுபிடிச்சிடுவான். பைனல் மிக்ஸ் முடிஞ்சதும் வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூணையும் தனித்தனியா எடுத்து வைங்க. ஒரே ஃபைலா மட்டும் வச்சிருந்தா, வசவ மியூட் பண்ணும்போது இசையும் கூடவே சாகும்.

[திரையில்: மைக்குக்கு முடி உறை மாட்டுற காட்சி]

நம்ம கரையில காத்துதான் பெரிய தொல்லை. கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து, வீசுற மாசங்கள்ல தென்கடல் பக்கம், ஏர்வாடி, கீழக்கரை, தனுஷ்கோடி எல்லாம் வசனத்துக்கு ஆகாது. அப்ப வடகடல் பக்கம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி போங்க. வடகிழக்குக் காத்து வீசுற வாடைக் காலத்துல இதையே தலைகீழா மாத்திக்கணும். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், இன்ஜின் சத்தம் நல்லாவே குறையும். ஆட்களும் கிழிஞ்ச வலையத் தச்சுக்கிட்டு கரையிலதான் இருப்பாங்க, நடிக்கக் கூப்பிடலாம். ஆனா அவங்களுக்கு அது வருமானம் இல்லாத மாசம். நாள் கூலிய அன்னைக்கே குடுத்துடுங்க.

ஒரு எச்சரிக்கை. சாதிப் பேர வசவா எழுதாதீங்க. சட்டம் ஒரு பக்கம், அந்தச் சொல்லு ஊருக்குள்ள பழைய காயத்த கிளறும். சிரிப்புக்குப் பதிலா சண்டைதான் வரும். அப்புறம் மீன் விக்கிற பொம்பளைங்க நடுவுல நின்னு பத்து டேக் வசவு கத்தாதீங்க. பொது இடத்துல ஆபாச வார்த்தை பேசி அடுத்தவங்களத் தொல்லை பண்றது பாரதிய நியாய சன்ஹிதா 296ல குற்றம். முன்னாடியே ஊர்த் தலைவர்கிட்ட சொல்லி, ஏலம் முடிஞ்ச பிறகு எடுங்க.

வெளியீடு. தியேட்டர்னா தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். 2023 திருத்தத்துக்குப் பிறகு 'யு.ஏ.'வே 7, 13, 16 வயசுன்னு மூணாப் பிரிஞ்சிருக்கு, 'ஏ' 18 வயசுக்கு மேல. வெட்டுப் பட்டியல் வந்தா ஒத்துக்கலாம், இல்லைன்னா மறுஆய்வுக் குழு கேக்கலாம். 'ஆரண்ய காண்டம்' போன தீர்ப்பாயம் 2021ல கலைஞ்சிடுச்சு, இப்ப நேரா உயர் நீதிமன்றம்தான், செலவு ஜாஸ்தி. 'ஏ' வாங்குன படம் அப்படியே டிவிக்குப் போகாது, டிவிக்குத் தனிச் சான்றிதழ் வேணும். அங்க உங்க 'மண்ணுக்கு' உதவும். சப்டைட்டில்லயும் அந்தச் சொல்ல மாத்த மறக்காதீங்க, காதுல வெட்டி கண்ணுல விட்டுடுறது அடிக்கடி நடக்கிற தப்பு. ஓடிடிக்கு 2021 விதிப்படி தளமே வயசு வகை போடும். யூடியூப் குறும்படத்துக்குத் தணிக்கை கிடையாது, ஆனா வயசுக் கட்டுப்பாடு விழுந்தா பார்வை குறையும்.

முடிச்ச படத்த வெளியே விடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போட்டுக் காட்டுங்க. ஒரு தடவை இருபது நண்பர்களுக்கு, ஒரு தடவை குடும்பத்தோட வர்ற இருபது பேருக்கு. திரையப் பாக்காம முகங்களப் பாருங்க. எந்த நொடியில சிரிக்கிறாங்க, எந்த நொடியில தலைய குனியுறாங்கன்னு டைம்கோடோட எழுதுங்க. ரெண்டு காட்சியிலயும் சிரிப்பு வராத வசவு இருந்தா அத நீங்களே எடுத்துடலாம். ரெண்டாவது காட்சியில மாமனாரையும் மருமகனையும் மட்டும் ஒரே வரிசையில உட்காரவைக்காதீங்க. ரெண்டு பேருமே சிரிப்ப அடக்குவாங்க, உங்க குறிப்பு தப்பாப் போகும்.