மாமனாரின் குடிப்பழக்கம் பற்றி அவரிடம் யார் பேசுவது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு வயது 67. முப்பது ஆண்டுகள் பெங்களூரில் கட்டட மேஸ்திரியாக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பியவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். கேட்டால் உடம்பு வலி என்கிறார். "மருமகளாகிய நான் இதை அவரிடம் எப்படிப் பேசுவது?" என்பது கேள்வி.

அம்மா, நீங்கள் பேச வேண்டாம். எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், மருமகள் வாயிலிருந்து வரும் இந்தச் சொல் அவர் காதில் அவமானமாகவே விழும். அவமானப்பட்ட பெரியவர் ஒளித்துக் குடிக்கத் தொடங்கிவிடுவார். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது அவர் விசாரித்தால், அது உடம்பைப் பற்றிய விசாரிப்பாக இருக்கும். பெரியவரின் மானத்தைத் தொடாது.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வயதாக ஆக உடம்பில் நீரின் அளவு குறைவதால், நாற்பது வயதில் குடித்த அதே அளவு இப்போது இரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதைவிட எனக்குக் கவலை தருவது, குடித்துவிட்டு இரவுக் களியை வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொள்வாரோ என்பதுதான். சில சர்க்கரை மாத்திரைகளோடு மதுவும் வெறும் வயிறும் சேரும்போது, இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அப்போது வியர்த்து, பேச்சுக் குழறினாலும், போதையில் இருக்கிறார் என்று வீட்டார் விட்டுவிடக்கூடும்.

உடம்பு வலி என்று அவர் சொல்வதை நம்புங்கள். முப்பது ஆண்டுகள் சாரத்தில் ஏறி இறங்கிய உடம்பு அது. பென்னாகரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றால், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்தே வளர்ந்திருப்பார். மூட்டும் முதுகும் இறுகுவதற்கு அதுவும் காரணமாகலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தானே வந்தது? வலிக்கென்று தனியாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியோடு தனிமையும் இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் பெங்களூரிலேயே தங்கியிருப்பார்கள். சொந்த ஊரில் அவரை அறிந்தவர்கள் குறைந்திருப்பார்கள். சாயங்காலம் ஆனால் உட்கார்ந்து பேச பாரைத் தவிர வேறு இடம் இருக்காது. பக்கத்தில் யாராவது வீடு கட்டினால், அந்த நேரத்தில் போய்ப் பார்த்து யோசனை சொல்லும்படி உங்கள் கணவர் கேட்கட்டும். மேஸ்திரியை மேஸ்திரியாக மதித்துக் கூப்பிடும் ஓர் அழைப்பு, பத்து அறிவுரைகள் செய்யாததைச் செய்யும்.

ஓர் எச்சரிக்கை. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, அல்லது மாலை போட்டுக்கொண்டு குடியை விடுவது நம் மக்களிடம் உள்ள பெரிய பலம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மனக்குழப்பம் எல்லாம் வரக்கூடும். இந்த வயதில் அது உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, அவர்கள் சொல்கிறபடி நிறுத்திய பிறகு கயிறு கட்டிக்கொள்ளட்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மாமனாரிடம் நீங்கள் பேச வேண்டாம் என்றேன். ஆனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அழைக்கும்போது அவருடைய மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.