உங்கள் கிரெடிட் கார்டு எத்தனை ரூபாய் வட்டி? மாதம் 2,000 ரூபாயைக் குறைத்தால் 88,000 ரூபாய் மிச்சம்!

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 2,000 மற்றும் 88,000]

வணக்கம். மாதம் 2,000 ரூபாய் வீட்டுச் செலவைக் குறைத்தால் 23 மாதங்களில் எவ்வளவு சேரும் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகூட 46,000 ரூபாய் என்று சொல்லிவிடும். ஆனால் ஒரு லட்ச ரூபாய் கிரெடிட் கார்டு கடன் இருக்கும் வீட்டில் அதே 2,000 ரூபாய் ஏறத்தாழ 88,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. இதில் பங்குச் சந்தையும் இல்லை, மந்திரமும் இல்லை. வட்டிக் கணக்கு மட்டுமே இருக்கிறது. அந்தக் கணக்கையும், அந்த 2,000 ரூபாயைத் தமிழ்நாட்டு வீடு ஒன்றில் எங்கிருந்து எடுக்கலாம் என்பதையும் இந்தக் காணொளியில் பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், நடுவில் ஏதாவது தள்ளுபடி விளம்பரம் வந்து நம் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

கிரெடிட் கார்டு என்றால் என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. அது தெரியாதவர்கள் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். அவர்கள் வேறு காணொளிக்குப் போகலாம்.

[திரையில்: நூற்றுக்கு எத்தனை ரூபாய்?]

நம் ஊரில் வட்டியை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று யாரும் பேசுவதில்லை. ஒரு ரூபாய் வட்டி, இரண்டு ரூபாய் வட்டி, மூன்று வட்டி என்றுதான் பேசுகிறோம். அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய். ஒரு ரூபாய் வட்டி என்றால் நியாயம் என்போம், இரண்டு என்றால் பொறுத்துக்கொள்வோம், மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டால் ‘அவனுக்கு என்ன அவ்வளவு நெருக்கடி’ என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். இந்தியாவில் பெரும்பாலான கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 விழுக்காடு வரை இருக்கிறது. நம் மொழியில் சொன்னால் அது மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு என்பதால், கையைவிட்டுப் போவது நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 42 காசு. ஏறத்தாழ நாலரை வட்டி! தெருமுனையில் இருக்கும் ஒருவரிடம் நாலரை வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அடுப்பு எரியாது. அதே வட்டியை பளபளப்பான அட்டையில், விமான நிலைய ஓய்வறைச் சலுகையோடு கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இது என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் இதிலேயே நிற்கிறேன். கந்துவட்டித் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் சந்தைக்குப் போய் உட்கார்ந்து பட்டியல் எடுத்ததுபோல இருக்கிறது. வங்கிகளின் கார்டு வட்டிக்கோ இப்படி ஒரு தடையும் இல்லை, சட்டப்படி உச்சவரம்பும் இல்லை. கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே, யாராவது வந்து இந்த வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்கே தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். கார்டு கடனோ மின்னஞ்சலில் வந்து மின்னஞ்சலிலேயே தூங்குகிறது. கடன் இருப்பது கணவருக்கோ மனைவிக்கோ மட்டும் தெரிந்திருக்க, சமையலறையை நடத்துபவர் பழைய கணக்கிலேயே மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். கடன் தொகையை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் செலவைக் குறைக்கலாம் என்று நினைப்பது நடக்காத காரியம் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: 5,000 ரூபாய் கட்டினால் கடன் எவ்வளவு குறையும்?]

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லட்ச ரூபாய் கடன், மூன்றே முக்கால் வட்டி, அதன்மேல் ஜிஎஸ்டி. முதல் மாதம் வட்டியும் வரியும் மட்டுமே 4,425 ரூபாய். கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு நீங்கள் 5,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 575 ரூபாய். கார்டைத் தொடாமலேயே மாதந்தோறும் அதே 5,000 ரூபாயைக் கட்டிவந்தால், கடன் முடிய 50 மாதங்கள் ஆகும். மொத்தம் கட்டியது ஏறத்தாழ இரண்டரை லட்சம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கையை மாத அறிக்கையிலேயே அச்சிடவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. உங்கள் அறிக்கையிலும் அது இருக்கும். படித்தவர்கள் கருத்துப் பகுதியில் கை தூக்குங்கள். எண்ணுவதற்கு எனக்கு விரல்கள் போதும் என்றே நினைக்கிறேன்.

இனிதான் வியப்பு. 5,000 ரூபாய்க்குப் பதிலாக 7,000 ரூபாய் கட்டினால், 50 மாதங்கள் 23 மாதங்களாகச் சுருங்குகின்றன. மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,62,000 ரூபாய். வேறுபாடு 88,000 ரூபாய். காரணம் எளியது: முதல் 4,425 ரூபாய் வெறும் வட்டிக்குத் தீனியாகப் போய்விடுகிறது, அதற்கு மேல் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக அசலில் விழுகிறது. 575 ரூபாயாக இருந்த அசல் கழிவு 2,575 ரூபாயாகும்போது கடன் கரையும் வேகம் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. சரி, இன்னும் 2,000 சேர்த்து 9,000 கட்டினால்? கடன் 16 மாதங்களில் முடியும். ஆனால் கூடுதலாக மிச்சமாவது ஏறத்தாழ 21,000 ரூபாய்தான். முதல் 2,000 ரூபாய்க்கு இருக்கும் வலு இரண்டாம் 2,000 ரூபாய்க்கு இல்லை. ஆதலால், கடன் என்றதும் பிள்ளைகளின் பழத்தையும் பெரியவர்களின் காபியையும் நிறுத்தச் சொல்லும் ஆலோசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காபியில் கைவைக்காதீர்கள். முதல் 2,000 ரூபாயைக் கண்டுபிடித்து, அதை ஒரு மாதமும் தவறாமல் கட்டுங்கள்.

அதற்கு முன்பாக ஒரே ஒரு நிபந்தனை: கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்தவேண்டும். முந்தைய மாத நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லா நாள்கள் கிடையாது; இன்று கார்டில் வாங்கும் தக்காளிக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். ஒரு பக்கம் சிக்கனம் செய்துகொண்டு மறுபக்கம் மளிகையைக் கார்டில் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம்.

[திரையில்: அந்த 2,000 ரூபாய் எங்கே இருக்கிறது?]

முதலில் மின்கட்டணம். தொகை சிறியதுதான், ஆனால் இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை நாலரை ரூபாய், 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் என்ன நடக்கும்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு நிற்காது. 2 ரூபாய் 25 காசு என்ற சலுகைப் படியே காணாமல் போய், அந்த 100 யூனிட்டுக்கும் நாலரை ரூபாய் விழும். கட்டணம் 1,958 ரூபாய். 501-ஆவது யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன் பிறகு கட்டணங்கள் உயர்ந்துவிட்டன. ஆனால் 500-ஐத் தாண்டினால் வழுக்கும் இந்தப் படி அப்படியே இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும் என்பதால், ரீடிங் எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாக மீட்டரைப் பார்த்து, கடைசியாக எடுத்த ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 450-இல் நிற்கும் வீடு அந்த வாரம் இரவில் இரண்டு மணி நேரம் முன்பாக ஏசியை நிறுத்தினால் போதும். மின்சாரம் குறைவாக எடுக்கும் புது மின்விசிறி வாங்கிவிட்டேன், அதுவும் கார்டில் தவணை முறையில், என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

அடுத்து ரேஷன். அரிசி பெறும் அட்டை வைத்திருந்தும் ரேஷன் கடைப் பக்கம் போகாத குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அங்கே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்; வெளிக்கடையில் இரண்டும் மூன்று மடங்குக்கு மேல். மாதம் 200 ரூபாயளவு இங்கே கிடைத்துவிடும். ‘வரிசையில் நிற்பதா’ என்று கூச்சப்படுபவர்களுக்கு ஒரு சொல்: நாலரை வட்டிக்குக் கடன் வாங்கும்போது வராத கூச்சம், பருப்பு வாங்கும்போது எதற்கு?

பெண்களுக்கு, சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பயணம் இலவசம். பகிர்வு ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் கொடுத்து வேலைக்குப் போகும் ஒருவர், தன் தடத்தில் பேருந்து கிடைத்து அதற்கு மாறினால், 25 வேலை நாள்களில் 1,000 ரூபாய் மிச்சம். இந்த ஒன்றே நம் இலக்கில் பாதி. வீட்டின் கடனைத் தீர்ப்பதில் பெண்களின் பயணச் செலவை மட்டும் குறைத்தால் நியாயமா என்று கேட்பீர்கள், சரியான கேள்வி. ஆகவே, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செயலியில் வரவழைக்கும் 350 ரூபாய் பிரியாணியை நிறுத்தும் பொறுப்பை ஆண்கள் ஏற்கட்டும். அன்று சமைக்கும் பொறுப்பையும் சேர்த்து.

கூட்டிப் பாருங்கள்: பேருந்தில் 1,000, உணவில் 700, ரேஷனில் 200, மின்கட்டணத்தில் மாதக் கணக்குப்படி 115. மொத்தம் 2,015 ரூபாய். உங்கள் வீட்டில் எண்கள் மாறும். பேருந்து வராத ஊரில் இருப்பவர்கள் தாங்கள் எங்கே குறைத்தீர்கள் என்று எழுதினால், அடுத்த காணொளியில் அவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

இந்தப் பணத்தை மாதக் கடைசிவரை சேமிப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டாம். கார்டு வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், மிச்சப்பட்ட அன்றே கார்டுக் கணக்கில் செலுத்திவிடலாம். கடைசித் தேதிக்கு முன்பாக எத்தனை முறை கட்டினாலும் தடையில்லை. மிச்சமிருந்தால் அது செலவாகும் என்பது என் சொந்த அனுபவம். சேமிப்புக் கணக்கில் இருந்த 700 ரூபாய் எனக்கு எப்போதும் பிரியாணியாகவே தெரிந்திருக்கிறது.

[திரையில்: நிலுவை பூச்சியம்?]

ஒரு கடைசித் தகவல். கடைசித் தவணையைக் கட்டியதும் கார்டை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அறிக்கை வந்த நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி, அடுத்த மாத அறிக்கையில் சில நூறு ரூபாயாக எட்டிப் பார்க்கும். அதையும் கட்டி, அடுத்த அறிக்கையில் நிலுவை பூச்சியம் என்று பார்த்த பிறகு, கார்டு வேண்டாம் என்றால் எழுத்து மூலமாக மூடச் சொல்லுங்கள். நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்ட ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி மூடவில்லை என்றால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் அது உங்களுக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. கோரிக்கை அனுப்பிய தேதி தெரியும்படி மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். இம்முறை மீட்டர் ஓடுவது அவர்களுக்கு.