பியூகிள் குழுவுக்குள் எந்த வாத்தியம் வரலாம்?

வணக்கம் நேயர்களே.

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது என்.சி.சி. மாணவர் யாராவது பியூகிள் ஊதிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பித்தளைக் குழலில் பொத்தானும் கிடையாது, துளையும் கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி எடுக்கிற சுரங்கள்தான். நம் கணக்கில் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அந்தர காந்தாரம், அதற்கும் மேலே ஒரு பஞ்சமம். ஊதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த எல்லைக்குள் ரிஷபமும் மத்யமமும் பிறக்காது.

இந்தக் குழலையும் முரசையும் மட்டும் நம்பி அமெரிக்காவில் ஓர் இசைக் கலை வளர்ந்தது. டிரம் அண்ட் பியூகிள் கார்ப்ஸ் என்று பெயர். முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்கள், அமெரிக்கன் லீஜன் போன்ற தங்கள் சங்கங்களின் பெயரில் ஊருக்கு ஊர் குழு சேர்த்தார்கள். தேவாலயங்களும் சாரணர் இயக்கங்களும் பையன்களுக்காகத் தனிக் குழுக்கள் நடத்தின. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது. டி.சி.ஐ. என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் இண்டியானாபொலிஸ் நகரின் லூக்காஸ் ஆயில் மைதானத்தில் இறுதிப்போட்டி. ஒரு பெரிய குழுவில் சுமார் 150 பேர், எல்லோரும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். கோடை முழுக்கப் பேருந்துப் பயணம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக்கூடத் தரையில் தூக்கம், வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி. இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்காக.

இந்தக் குழுக்களில் வழக்கத்தில் இல்லாத வாத்தியங்களுக்கு இடம் உண்டா என்பது அங்கே ஓயாத சண்டை. எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பியூகிளுக்கே என்ன ஆயிற்று என்று பார்ப்போம். வெறும் குழலில் ஒரு வால்வு வந்தது, அதாவது அழுத்தினால் குழலின் நீளத்தை மாற்றிச் சுரத்தை மாற்றுகிற பொத்தான், அதுவும் படுக்கைவாட்டில். அப்புறம் அதோடு ஒரு சுழல் வால்வு. 1977இல் நிமிர்ந்த இரண்டு வால்வுகளுக்கு டி.சி.ஐ. அனுமதி கொடுத்தது. 1990இல் மூன்று. அத்தோடு எல்லாச் சுரமும் கைக்குள் வந்துவிட்டது. 2000இல் ஜி சுருதிதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய், சாதாரண டிரம்பெட்டும், மந்தர சுரம் ஊதுகிற பெரிய டியூபாவும் உள்ளே வந்தன. ஒவ்வொரு படியிலும் பெரியவர்கள் கோபப்பட்டார்கள், ‘இது இனிமேல் பியூகிளே இல்லை’ என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் வால்வு வந்ததால் பிள்ளைகளின் வேலை குறையவில்லை. ஐந்து சுரத்தில் அணிவகுப்புப் பாட்டு ஊதியவர்களின் பேரப்பிள்ளைகள் பார்டோக், ஷோஸ்டகோவிச் என்ற ஐரோப்பிய இசைமேதைகளின் படைப்புகளை ஓடிக்கொண்டே ஊதினார்கள். இசையமைப்பாளர் எழுதுகிற கடினம் வால்வோடு சேர்ந்து ஏறியது.

தாளப் பக்கம் இதைவிடச் சுவையான கதை. டிம்பனி என்பது அண்டா மாதிரிப் பெரிய முரசு, ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கு. சிம்பனி அரங்கில் ஒருவரே நான்கைந்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பார். கார்ப்ஸில் அப்போது எதையும் தரையில் வைக்கக் கூடாது என்று விதி. ஆகவே ஒரு பையன் ஒரு டிம்பனியை வாரில் மாட்டி வயிற்றுக்கு மேலே சுமப்பான், பக்கத்தில் நடக்கிறவன் அடுத்த சுருதியைச் சுமப்பான். ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டிய சொற்கட்டை இப்படி நான்கைந்து பேர் பங்கு போட்டு, ஆளுக்கு ஓர் அடியாக, நடந்துகொண்டே முடிப்பார்கள். குச்சியால் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற மரிம்பாவையும் ஸைலோஃபோனையும்கூடத் தோளில் மாட்டிச் சுமந்தார்கள். 1982இல் அவற்றைக் களத்தின் முன்வரிசையில் தரையில் வைக்கலாம் என்று விதி மாறியது. அந்த இடத்துக்குப் ‘பிட்’ என்று பெயர் வந்தது. சுமை போயிற்று என்று சிலர் வருந்தினார்கள். ஆனால் சுமக்காத கைகள் நான்கு குச்சி பிடித்து வாசிக்கக் கற்றுக்கொண்டன. கார் பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டுகிற ஒலி, இடிபோல அதிர்கிற இரும்புத் தகடு எல்லாம் அந்தப் பிட்டில் வந்து சேர்ந்தன. அவற்றில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தட்டுகிறவர் கையால் தட்டுகிறார், அவ்வளவுதான்.

2004இல் மைக் வந்தது. இங்கே என் நண்பர்கள் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மைக் வந்தது நல்லதுதான் என்று நான் சொல்கிறேன். மரிம்பா ரோஸ்வுட் பட்டைகளால் ஆன வாத்தியம். நூல் சுற்றிய மெத்தென்ற குச்சியால் தட்டினால்தான் அதன் குரல் அதுவாக இருக்கும். எண்பது டிரம்பெட்டுக்கும் டியூபாவுக்கும் முன்னால் அந்தக் குரல் மைதானத்தின் மேல்வரிசைக்கு எட்டாது. அதனால் கடினமான குச்சியை எடுத்து, தோளிலிருந்து ஓங்கி அடித்தார்கள். பட்டையும் கெட்டது, வாசிக்கிறவரின் கையும் கெட்டது. மைக் வைத்த பிறகு மணிக்கட்டால் மென்மையாக வாசிக்க முடிகிறது. அங்கே வாசிப்பது ஒரு மனிதர். கருவி அவர் வாசிப்பதைத் தூக்கிக் கொடுக்கிறது.

2009இல் மின்னணு வாத்தியங்களுக்குக் கதவு திறந்தது. என் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது.

காண்ட்ரா என்கிற பெரிய டியூபா பத்துக் கிலோவுக்கு மேல் எடை. அதை இடது தோளில் ஏற்றி, முன்பாதத்தை மட்டும் ஊன்றிப் பின்னோக்கி நடந்தபடி, மூச்சைக் கீழே பிடித்து ஊத வேண்டும். ஒஹாயோவில் இருந்த காலத்தில் ஒரு குழுவின் பயிற்சியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். காண்ட்ரா வரிசை நம்மைக் கடந்து போகும்போது முதலில் நெஞ்சுக்கூட்டில் அதிர்வு தெரியும், அப்புறம்தான் காதுக்குச் சுரம் புரியும். நடுவில் ‘தம்’ இழுக்கிற சத்தமும் கேட்கும். ஒரே நேரத்தில் இழுக்காமல் ஆளுக்கு ஓரிடமாக மாற்றி மாற்றி இழுப்பார்கள், கார்வை அறுபடாமல் இருப்பதற்காக. இதைப் பழகத்தான் அத்தனை மாதமும்.

அதே குழு நிகழ்ச்சியில் உச்சக்கட்டத்துக்கு வரும்போது பிட்டில் ஒருவர் சின்தசைசரில், அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்குகிற கீபோர்டில், ஒரு விரலை வைக்கிறார். ஒலிபெருக்கியிலிருந்து அதே மந்தர சுரம் பூதாகரமாக எழுகிறது. அரங்கம் அதிர்கிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது. காண்ட்ரா ஊதியவர்கள் என்ன ஊதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுருதி விலகியிருந்தாலும் தெரியாது, அற்புதமாகச் சேர்ந்திருந்தாலும் தெரியாது. இது அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று நினைக்கிறேன்.

‘வால்வையும் எதிர்த்தீர்கள், மைக்கையும் எதிர்த்தீர்கள், எல்லாம் பழகிப்போயிற்று, இதுவும் பழகிவிடும்’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். பழகுவது வேறு, பொருந்துவது வேறு. முன்பு வந்த மாற்றங்கள் வாசிக்கிறவரின் கையில் கூடுதல் வேலை கொடுத்தன. உச்சக்கட்டத்தில் மந்தரத்தை நிரப்புகிற சின்த், அவர் செய்த வேலையைக் கேட்க விடாமல் மூடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதற்காகச் சின்தசைசரையே வெளியே தூக்கிப் போடு என்றும் சொல்ல மாட்டேன். 2014இல் ஒஹாயோவின் கேண்டன் நகரத்து புளூகோட்ஸ் குழு ‘டில்ட்’ என்று ஒரு நிகழ்ச்சி செய்தது. அதில் ஓரிடத்தில் மொத்தக் குழுவின் கார்வையும் அப்படியே சாய்ந்து வழுக்கிக் கீழே இறங்கும். ஊதுகிறவர்கள் சுரத்தை வளைக்க, சின்த் அதோடு சேர்ந்தே வளையும். எது பித்தளை, எது மின்சாரம் என்று பிரிக்க முடியாது, ஆனால் பித்தளை இல்லாமல் அது நடக்கவும் நடக்காது. வளைப்பது எப்படி என்று ஊதுகிறவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அவர்களுக்கு இரண்டாம் இடம்தான். ஆனாலும் சின்த் என்ற வாத்தியத்துக்கு இந்தக் கலையில் என்ன வேலை என்பதை அவர்கள்தான் காட்டினார்கள்.

அதே 2014இல்தான் எல்லாப் பித்தளை வாத்தியங்களுக்கும் அனுமதி வந்தது. அதுவரை வால்வு இருக்க வேண்டும், வாத்தியத்தின் ஒலி வெளிவருகிற வாய் முன்னால் பார்க்க வேண்டும் என்று விதி. டிரம்போனுக்கு வால்வுக்குப் பதில் இழுப்புக் குழாய். பிரெஞ்சு ஹார்னுக்கு வாய் பின்னால். அதனால்தான் இரண்டும் வாசலிலேயே நின்றன. டிரம்போனை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன். அதில் சுரம் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பொத்தானும் இல்லை, நடந்துகொண்டே காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடைப்பாரா?

சரி, அப்படியானால் கிளாரினெட்டும் சாக்ஸபோனும்? அவையும் மூச்சால் ஊதுகிறவைதானே? இவற்றை ‘மர வாத்தியங்கள்’ என்ற வகையில் சேர்ப்பார்கள், சாக்ஸபோனின் உடல் பித்தளையானாலும். அந்த வகையை டி.சி.ஐ. இன்னும் சேர்க்கவில்லை. அவற்றின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் குழுவின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இருபது சாக்ஸபோன் வந்தால் இருபது பித்தளை வெளியேறும். அப்புறம் அது நல்ல பள்ளிக்கூட மார்ச்சிங் பேண்டாக இருக்கும். அமெரிக்காவில் அது ஊருக்கு ஊர் இருக்கிறது. பித்தளையும் தாளமும் மட்டுமே நிறைத்த திடல் வேறு எங்கும் கிடைக்காது.

இன்னொன்றையும் விடக் கூடாது, பணம். ஒலிபெருக்கி அடுக்கு, கலவை மேசை, ஜெனரேட்டர், அதை இயக்கத் தெரிந்த ஆள், ஏற்றிப்போக லாரியில் இடம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருந்த இளைஞர் குழுக்கள் இன்று சில பத்துகள்தான். அவை குறைந்தது மின்னணு வாத்தியங்கள் வருவதற்கு வெகு முன்னால், அந்தப் பழியை இதன் தலையில் போட மாட்டேன். ஆனால் மிச்சமிருக்கிற சிறிய குழுவுக்கு இது இன்னொரு சுமை. போதாததற்கு மழை வந்தால் முதலில் மூடி வைப்பது இந்தக் கருவிகளைத்தான்.

என் யோசனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு நிமிடம் மின்சாரமே இல்லாமல் நடக்க வேண்டும் என்று விதி வரட்டும். எந்த இரண்டு நிமிடம் என்பதைக் குழுவே தீர்மானிக்கட்டும். உச்சக்கட்டத்தை வைத்தாலும் சரி, மெல்லிய பாட்டை வைத்தாலும் சரி. பித்தளைக்கும் தாளத்துக்குமான மதிப்பெண்ணில் ஒரு பங்கை நடுவர்கள் அந்த இரண்டு நிமிடத்துக்கென்றே ஒதுக்கட்டும். மீதி நேரம் சின்த், மைக், பிரேக் டிரம், எது வேண்டுமானாலும் வரட்டும். பெரிய ஒலிபெருக்கி வாங்க வழியில்லாத சிறிய குழுவும் அந்த இரண்டு நிமிடத்தில் பெரிய குழுவோடு நேருக்கு நேர் நிற்கலாம். அதற்காகப் புதிதாக ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

நன்றி. வணக்கம்.