குதிர் விழுந்ததுக்கு கரையான் காரணம், சரி, ஆனா என் தலைல ஏன் விழுந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு சூனியத்தப் பத்திதான் பேசப்போறேன், அதக் கேட்டதும் முன் வரிசைல நாலு பேர் சிரிச்சீங்க, பரவால்ல, சிரிங்க.

தெற்கு சூடான், காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு இந்த மூணுலயும் பரவி இருக்கறவங்க அஸாண்டே மக்கள். 1920கள்ல எவன்ஸ் பிரிச்சர்ட்னு ஒரு இங்கிலீஷ்கார ஆந்த்ரபாலஜிஸ்ட் அவங்ககிட்ட போய் தங்குனார், 1937ல புக்கு போட்டார். அதுல ஒரு குதிர் கதை. அங்க தானியக் குதிர கால் நட்டு உயரத்துல கட்டுவாங்க, வெயில் நேரத்துல ஆளுங்க அதுக்கடியில நிழலுக்கு உக்காந்து பேசிட்டிருப்பாங்க, கரையான் கால அரிச்சு ஒருநாள் பொத்துனு விழுந்து ஆளுக்கு அடிபடுது. கரையான்தான் அரிச்சதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், நாம சொல்லித்தர வேண்டியதில்ல. அவங்க கேக்கறது, இந்த ஆளு கீழ இருந்த அந்த நேரத்துல ஏன் விழுந்துச்சு? நம்மகிட்ட கேட்டா தற்செயல்னுவோம். யோசிச்சா அது பதிலே இல்ல, கேள்விய மூடி வைக்கறது. அவங்க அந்த எடத்துல சூனியத்த வைக்கறாங்க, ரெண்டாவது ஈட்டின்னு சொல்வாங்க, அதாவது வேட்டைல முதல் ஈட்டி எறிஞ்சவனும் ரெண்டாவது எறிஞ்சவனும் சேந்துதான் கொன்னாங்கன்னு கணக்கு, அதுமாதிரி கரையானும் சூனியமும் சேந்து.

எனக்கு இதவிட புடிச்சது அடுத்து நடக்கறதுதான். சூனியம் யாரோடதுன்னு கண்டுபிடிக்க அப்பல்லாம் கோழிக்குஞ்சுக்கு விஷம் குடுத்து ஒவ்வொரு பேரா சொல்லி குறி கேப்பாங்க, அது சாவுதா பொழைக்குதான்றதுதான் பதில். பேர் வந்தவன்கிட்ட அந்தக் கோழியோட ரெக்கைய கொண்டுபோய் வச்சா அவன் சண்டைக்கு வரமாட்டான், வாய்ல தண்ணி வச்சு அது மேல ஊதி, எனக்குத் தெரியாம எதாவது பண்ணிருந்தா அது ஆறிப்போகட்டும்னு சொல்லிடுவான். ஏன்னா அவங்க நம்பிக்கைல சூனியம் வயித்துக்குள்ள இருக்கற ஒரு பொருள், பொறக்கும்போதே வர்றது, வச்சிருக்கறவனுக்கே தெரியாம இருக்கலாம். நோய் நொடின்னா இதோட முடிஞ்சிரும். சாவுன்னா கத வேற, பழிவாங்கறது உண்டு, அதையும் மறைக்கக்கூடாது.

சரி, ஆப்பிரிக்க ஃபிலாசஃபர்ஸ் என்ன சொல்றாங்க? நைஜீரியால சோஃபி ஒலுவோலே, இன்னிக்கு சயின்ஸால விளக்க முடியலன்றதாலேயே சூனியக்காரங்க கிடையாதுன்னு முடிவு கட்டாதீங்கன்னாங்க. இன்னொரு நைஜீரிய ஃபிலாசஃபர் போடுன்ரின் அத ஒத்துக்கல, ஆதாரம் எங்கன்னு கேட்டார். கானாவோட குவாசி விரெடு சொன்னதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது: ஆப்பிரிக்க கிராமத்து நம்பிக்கைய ஐரோப்பாவோட சயின்ஸ் கூட வச்சு ஒப்பிடாதீங்க, ஐரோப்பாவோட பாட்டி கதைங்க கூட வச்சு ஒப்பிடுங்க. அவர் மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்கற ஆளும் இல்ல, சொந்த ஊரு பழக்கத்தையே போட்டுத் தாக்குனவர்.

நான் போடுன்ரின் பக்கம்தான், ஆனா ஒலுவோலே கேட்டத தள்ளிவிட முடியல.

வட கானால கம்பாகான்னு ஒரு ஊரு, சூனியக்காரின்னு ஊர விட்டு தொரத்தப்பட்டவங்க தங்கற முகாம் அங்க இருக்கு, பாதிக்குமேல வயசான பொம்பளைங்க, விதவைங்க. அங்கயும் ஒரு கோழிய அறுத்து அது எப்படி விழுதுன்னு பாத்துத்தான் குத்தம் உண்டா இல்லயான்னு சொல்றாங்க, ஆனா தண்ணி ஊதிட்டு வீட்டுக்குப் போற வழி இங்க இல்ல. 2023 ஜூலைல கானா பார்லிமென்ட் ஒரு மசோதா நிறைவேத்துச்சு, அதுல சூனியம் உண்டா இல்லயான்ற பஞ்சாயத்துக்கே போகல, ஒருத்தர சூனியக்காரின்னு சொல்றதே குத்தம்னு வச்சாங்க. ஃபிலாசஃபர்ஸ் இத்தன வருஷமா முட்டிக்கிட்ட எடத்த சட்டம் இப்படி சுத்திட்டுப் போயிடுச்சேன்னு எனக்கு சந்தோஷம், ஆனா அரசியல் சாசனப் பிரச்சனைன்னு சொல்லி அப்ப இருந்த ஜனாதிபதி அகுஃபோ அட்டோ அதுல கையெழுத்தே போடல.