கிழக்கு எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே போய்ச் சேர்ந்த ஆண்டிலேயே, நவம்பர் 5ஆம் தேதி இரவு ஒரு திருவிழா. 1605இல் கை ஃபாக்ஸும் கூட்டாளிகளும் பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்து வைத்து மன்னரைக் கொல்லப் பார்த்து, அகப்பட்டுக்கொண்டதை நினைவுகூரும் நாள். பூங்காவில் நம்மூர்ச் சொக்கப்பனை போலத் தீ வளர்த்து வாணம் விட்டார்கள். கூட்டத்தோடு நின்று பார்த்தேன், அறைக்குத் திரும்பினேன். மனசில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஒட்டியது அடுத்த ஆண்டு, ஒரு சமையலறையில்.

கூட வேலை பார்த்த தோழி, நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறன்று தன் அம்மா வீட்டுக்கு அழைத்தாள். "கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறணும், வா" என்றாள். பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்றேன். அன்றைக்குத்தான் கிளற வேண்டுமாம். 'ஸ்டிர் அப் சண்டே' என்று பெயர். அன்று ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் சொல்லும் மன்றாட்டு, "ஆண்டவரே, உம் மக்களின் மனத்தைக் கிளர்ந்தெழச் செய்யும்" என்ற பொருளில் தொடங்கும். ஆங்கிலத்தில் கிளர்வதும் 'ஸ்டிர்', கிளறுவதும் 'ஸ்டிர்'. அந்தச் சொல் காதில் விழுந்ததும் புட்டிங் கிளற நினைவு வந்துவிடும். தமிழிலும் அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்!

பெரிய பீங்கான் பாத்திரம். உலர்திராட்சையில் இரண்டு மூன்று வகை, ரொட்டித்தூள், கருப்புச் சர்க்கரை, முட்டை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். வழக்கமாக மாட்டுக் கொழுப்பும் சேரும். நான் அது சாப்பிடமாட்டேன் என்று மகள் சொல்லியிருந்ததால், அந்த அம்மா தாவரக் கொழுப்பு வாங்கி வைத்திருந்தார். வழிவழியாக வந்த பக்குவத்தை ஒரு விருந்தாளிக்காக மாற்றுவது லேசான காரியமா? ஊறுகாய் போடும் வீட்டில் பிறந்தவர்களைக் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லாரும் மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, மரக்கரண்டியால் ஆளுக்கு ஒரு முறை கிளற வேண்டும். அதுவும் கிழக்கிலிருந்து மேற்காக. குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் கிழக்கிலிருந்து வந்தார்கள் அல்லவா, அதற்காக. ஆனால் அந்தச் சமையலறையில் கிழக்கு எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எந்த வீட்டில் கால் வைத்தாலும் முதலில் கிழக்கைப் பார்த்து வைத்துக்கொள்கிற வழக்கம் நமக்கு. கை நீட்டிக் காட்டினேன். அந்த அம்மா கரண்டியை என்னிடமே கொடுத்து, "முதலில் நீ கிளறு" என்றார்.

பிறகு கலவையைக் கிண்ணத்தில் அடைத்து, காகிதத்தால் மூடி, நூலால் இறுக்கி வேடு கட்டினார். வேகும்போது புட்டிங் உப்பும் என்பதால் காகிதத்தின் நடுவே ஒரு மடிப்பு விட்டார். எட்டு மணி நேரம் ஆவியில் வேக வேண்டும். கூடவே பேச்சும் வெந்தது. இறந்துபோன கணவர், மூடிய நூற்பாலை, பாட்டியின் கையெழுத்தில் இருந்த செய்முறை... மூன்று ஆண்டில் நான் கேட்ட அந்நாட்டு வரலாற்றில் பாதி அன்று மாலை கேட்டதுதான்.

கிறிஸ்துமஸ் அன்று அங்கே ரயில் ஓடாது, கடைவீதி வெறிச்சோடிவிடும். தோழி காரில் வந்து அழைத்துப் போனாள். சாப்பாட்டு மேசையில் கிராக்கர்கள். லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் 1840களில் தொடங்கி வைத்தது. இருவர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் 'பட்' என்று வெடிக்கும், உள்ளே காகிதக் கிரீடம் இருக்கும். கிரீடத்தோடு உட்கார்ந்து பிற்பகல் 3 மணிக்கு அரச உரை கேட்டோம். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் தொடங்கிய வழக்கம் அது. ஒரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அப்புறம் விளக்கை அணைத்தார்கள். சூடான பிராந்தியைப் புட்டிங்கின் மேல் ஊற்றிப் பற்றவைத்தார் அந்த அம்மா. நீலச் சுடர், கற்பூரம் போல ஆடியது. என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பேரன் மட்டும் என்னைப் பார்த்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

புட்டிங்குக்குள் ஒரு பழைய ஆறு பென்ஸ் நாணயம் இருந்தது. அது யார் பங்கில் வருகிறதோ அவர்களுக்கு ஆண்டு முழுக்க நல்லது நடக்கும். அன்று பேரனுக்குக் கிடைத்தது. ஆறு பென்ஸ் 1980இலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. பாட்டி அவன் கையில் ஒரு பவுண்டு நாணயத்தை வைத்துவிட்டு, பழையதை வாங்கிக் கழுவி, துணியில் துடைத்து, அடுத்த ஆண்டுக்கென்று தகர டப்பாவில் போட்டு மூடினார்.