கேள்வி எவ்வளவு தூரம் எட்டும்? ஆங்கிலமும் கொரியனும்

[திரையில்: "வாட் டிட் ஷி சே தட் மின்சு பாட்?"]

மின்சு என்ன வாங்கினான் என்று அவள் சொன்னாள்? கேள்வி இவ்வளவுதான். ஆனால் இந்த 'வாட்' எங்கே நிற்கிறது பாருங்கள். அது இருக்க வேண்டியது கடைசியில், 'பாட்' பக்கத்தில். அங்கிருந்து கிளம்பி, 'சே'யையும் தாண்டி, வாக்கியத்தின் வாசலுக்கே வந்துவிட்டது.

சரி, இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறேன். 'சே'க்குப் பதில் 'விஸ்பர்', அதாவது கிசுகிசுப்பது.

[திரையில்: "வாட் டிட் ஷி விஸ்பர் தட் மின்சு பாட்?"]

ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் பலருக்கு இது இடறுகிறது. அமைப்பு அச்சு அசலாக அதேதான். பிறகு ஏன்?

பொருள்தான் காரணம் என்கிறார்கள் மொழி ஆய்வாளர்கள் பென் ஆம்ப்ரிட்ஜும் அடேல் கோல்ட்பர்க்கும். 2008-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஒரு சின்னச் சோதனை உண்டு: வினையை எதிர்மறையாக்கிப் பார்ப்பது. 'சே' மாதிரியே இடறாத 'நினை'யை எடுத்துக்கொள்வோம். 'மின்சு கார் வாங்கினான் என்று அவள் நினைக்கவில்லை' என்றால், கார் வாங்கியதே சந்தேகம். 'கிசுகிசுக்கவில்லை' என்றால்? சத்தமாகவே சொல்லியிருப்பாள், கார் வாங்கியது வாங்கியதுதான். அதாவது கிசுகிசுத்த விதம் முன்னுக்கு வந்து, கார் வாங்கிய சேதி பின்னால் ஒதுங்கிவிட்டது. ஒதுங்கிக் கிடப்பதைக் கேள்வியாக வெளியே இழுத்தால் ஒட்டாது. இப்படிப்பட்ட வாக்கியங்களை அரிதாகக் கேட்பதால்தான் விநோதமாக இருக்கிறது என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கென்னவோ முதல் விளக்கம்தான் மனசுக்குப் படுகிறது.

அப்புறம் கொரியன்.

[திரையில்: "மின்சுகா ம்வோல் சாத்தாகோ செங்ககே?"]

மின்சு, என்ன, வாங்கினான் என்று, நினைக்கிறாய். நம்முடைய வரிசையேதான்! 'ம்வோல்' இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அசையாமலே கேள்வி வாக்கியம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. 'கார்' என்று பதில் வரும்.

இங்கேயும் வினையை மாற்றுவோம். 'நினை' போய் 'தெரி' வந்தால், நடுவில் 'என்று' என்னும் பொருள் தரும் 'தாகோ'வும் போய் 'னுன்ஜி' வந்துவிடும்.

[திரையில்: "மின்சுகா ம்வோல் சான்னுன்ஜி ஆரா?"]

மின்சு என்ன வாங்கினான் என்று தெரியுமா? இப்போது 'ம்வோல்' உள்ளேயே அடங்கிவிட்டது. 'தெரியும்' என்று மட்டும் பதில் சொன்னால் இலக்கணப்படி போதும். கேட்டவருக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம்.

இந்த வித்தியாசம் கண்ணாடிபோலத் தெரிய வேண்டுமானால் தென் கொரியாவின் புசான் பக்கம் போக வேண்டும். அந்தக் கியொங்சாங் வட்டார வழக்கில் 'என்ன, யார்' என்று விவரம் கேட்டால் வினை 'னோ'வில் முடியும். ஆமா, இல்லையா என்று கேட்டால் 'னா'வில். அதனால் 'நினைக்கிறாய்?' அங்கே 'செங்ககானோ'. 'தெரியுமா?' வெறும் 'ஆனா'. முன்னால் அதே 'என்ன' உட்கார்ந்திருந்தாலும், அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைக் கடைசி உயிரெழுத்து சொல்லிவிடுகிறது.