வாசற்படிக்கு மேலே ஏறிய தெரு

வணக்கம். இந்தக் காணொளியை எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பதிவு செய்கிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் ஜல்லி கொட்டும் டிப்பர் லாரியினுடையது. அது போகும்வரை காத்திருந்தால் அடுத்த லாரி வந்துவிடும் என்பதால் இப்படியே பேசிவிடுகிறேன். சென்னையின் தென்புறநகரில் ஒரு குடியிருப்புப் பகுதி இது. இந்தச் சாலை வேலையைக் கொடுத்த அலுவலகத்தின் பெயரையும் எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரரின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் எண்ணமில்லை. தவிரவும், பெயரை மாற்றிவிட்டால் உங்களில் பலருடைய தெருவின் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

கேமராவைச் சற்றுக் கீழே திருப்புகிறேன். இது எங்கள் வாசற்படி. 1991-இல் என் தந்தையார் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வராண்டாவுக்கு வர வேண்டும். படிக்கு ஆறு அங்குலம் என்று வைத்தால் ஒன்றரை அடி. அந்த மூன்று படிகளும் ஒவ்வொன்றாகத் தாருக்கும் ஜல்லிக்கும் கீழே போய்விட்டன. இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் வர நாங்கள் ஒரு படி இறங்குகிறோம். ஆக, முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தெரு இரண்டடி உயர்ந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் தேங்கிய தண்ணீர் வேறு எங்கும் போக வழியில்லாமல் எங்கள் கூடத்துக்குள் வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஹரியானாவிலிருந்து ஆட்களை வரவழைத்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, வீட்டையே தூக்கிவிட்டார். சென்னையில் இது இப்போது சாதாரணமாக நடக்கும் வேலை. தெருவுக்கு ஏற்றபடி வீட்டைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதை நாமும் ஏதோ இயற்கையின் நியதி போல ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதிய தார்க்கலவையைப் போட்டால் தெரு உயராது. இதற்கு மில்லிங் என்று பெயர். பல் வைத்த உருளை ஒன்று சுழன்று, மேலடுக்கைக் குறிப்பிட்ட ஆழத்துக்குச் செதுக்கி எடுத்துவிடும். வீடுகள் தாழ்ந்துபோகாதபடி பழைய சாலையைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-இல் அறிவுறுத்தியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் தெருவில் இப்போது மறுபடி சாலை போடும் வேலை தொடங்கிய அன்று அதைத்தான் கேட்டேன். "மெஷின் இந்தத் தெருவுக்குள்ள வராது சார்" என்றார் மேற்பார்வையாளர். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த இயந்திரம் பெரியது, எங்கள் தெருவோ குறுகலானது. ஆனால் இதே தெருவைப் பாதாளச் சாக்கடைக்காக ஆள் உயரத்துக்குத் தோண்டியபோது ஜேசிபி எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே வந்து போயிற்று. ஆழமாகத் தோண்ட வந்த வண்டி நான்கு விரற்கடை சுரண்ட வராதா என்று கேட்டதற்கு அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

இப்போது வேலை நடந்த வரிசையைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் புதுத் தார்ச் சாலை போட்டார்கள். தார் வாசனை போவதற்குள், மார்ச்சில் பாதாளச் சாக்கடைக் குழாய்க்காக நடுத்தெருவை வெட்டினார்கள். வெட்டும்போது குடிநீர்க் குழாய் உடைந்தது. அதை ஒட்டவைக்கப் பதினோரு நாட்கள் ஆயின. அந்தப் பதினோரு நாட்களும் தண்ணீர் லாரி தெருமுனையோடு நின்றுவிட, நாங்கள் குடத்தோடு நடந்தோம். பள்ளத்தைச் சேறும் ஜல்லியும் கலந்து மூடிவிட்டுப் போனார்கள். அந்த மண் இறுகுவதற்குள் மழைநீர் வடிகாலுக்காக இரண்டு ஓரங்களையும் தோண்டினார்கள். வடிகால் முடிந்து சாலை போடப் போகிறார்கள் என்று நினைத்தபோது மின்கேபிள் பதிக்க ஒருபுறத்தை மறுபடியும் திறந்தார்கள். கடைசி வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆட்டோ உள்ளே வராததால், பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த சென்ட்ரிங் பலகைமீது அவர் மகள் கையைப் பிடித்து அழைத்துப்போவதை இதே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி தெருமுனையிலேயே இறக்கி வைத்துவிட்டு போன் செய்வார். தூசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தக் காணொளி முடியாது.

எந்தச் சாலை வேலையிலும் தொல்லை இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள யாரும் மறுக்கவில்லை. பூமிக்கு அடியில் போக வேண்டியவை முதலில் போக வேண்டும், சாலை கடைசியில் வர வேண்டும் என்பது கொத்து வேலை தெரிந்த யாருக்கும் தெரிந்த முறை. பொறியாளர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். ஆனால் குழாய்க்கு ஒரு துறை, வடிகாலுக்கு இன்னொரு திட்ட நிதி, கேபிளுக்கு வேறொரு நிறுவனம், சாலைக்கு நான்காவதாக ஒரு ஒப்பந்தம். ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட பணத்தை மார்ச் 31-க்குள் செலவு செய்து கணக்கு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கிறார்கள். யாருக்கு முதலில் பணம் வருகிறதோ அவர் முதலில் வெட்டுகிறார். சாலைக்குப் பணம் முதலில் வந்துவிட்டதென்றால், சாலைதான் முதலில் வரும்.

இனி நான் காட்டப்போவதுதான் இந்தக் காணொளியை எடுத்ததற்கே காரணம். இது புதிதாகக் கட்டிய வடிகால். சாலையில் விழும் மழைநீர் இதற்குள் இறங்க, ஓரத்தில் இந்தத் துளைகளை விட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில், துளைக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் குளமாக நின்றது. வடிகாலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் கொத்தனார் அண்ணனை அழைத்தேன். அவர் ஒரு நீண்ட பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதைக் கொண்டு மட்டம் பார்க்கும் டியூப் லெவல் அது. கட்டட வேலை செய்யும் எல்லோரிடமும் இருக்கும். ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சாலையோரத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை அவர் துளையின் அடிவிளிம்பில் வைத்தார். காற்றுக் குமிழி வெளியேறும்வரை டியூபைச் சுண்டிவிட்டு, தண்ணீர் ஆடி அடங்கியதும் பென்சிலால் கோடு போட்டு டேப் வைத்தார். துளை சாலையைவிட நான்கு சென்டிமீட்டர் மேலே இருந்தது. "தண்ணி மேல ஏறாது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நடுவில் சற்று மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருந்தால்தான் சாலையில் தண்ணீர் நிற்காது. தார்ச் சாலைக்கு இந்தச் சரிவு ஏறத்தாழ 2 சதவீதம் இருக்க வேண்டும். ஆறு மீட்டர் அகலத் தெருவில் நடுவிலிருந்து ஓரம் மூன்று மீட்டர் என்பதால், ஓரம் நடுவைவிட ஆறு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வடிகாலுக்கும் நீளவாக்கில் சரிவு வேண்டும். 500-க்கு 1 என்று வைத்தால்கூட 200 மீட்டர் தெருவில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 40 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். சென்டிமீட்டர் கணக்கில் ஓடும் இந்த வேலையை எங்கள் தெருவில் கண்மட்டத்தில் செய்திருக்கிறார்கள். வடிகால் கட்டியவர் சாலை உயரும் என்று எண்ணித் துளையை மேலே வைத்தாரா, சாலைக்காரர் வடிகாலைப் பற்றி எண்ணாமலேயே சாலையைப் போட்டாரா என்று கேட்டால் இருவரும் எதிர்த்திசையில் கைகாட்டுகிறார்கள். இப்போது துளைக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் சாலையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் என் வீட்டுக்கு இன்னொரு படி இறக்கம். அதற்காகத்தான் அந்த ஜல்லி வந்து இறங்குகிறது.

தேங்கும் தண்ணீர் வீட்டுக்கு மட்டும் எதிரி என்று நினைக்காதீர்கள். ஜல்லியைப் பற்றியிருக்கும் தாரைத் தண்ணீர் மெல்லப் பிரித்துவிடும். அதன்பிறகு வண்டிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் ஜல்லி பெயர்ந்து குழி விழும். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கிடைக்கிறது. ஓரத்தில் தண்ணீர் நிற்கும் சாலை ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கினாலே பெரிது. பிறகு "சாலை கெட்டுவிட்டது" என்று அதன்மேலேயே இன்னோர் அடுக்கு வரும். என் மூன்று படிகளும் அப்படித்தான் போயின.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டேன். தெருவின் தற்போதைய மட்டம், வடிகாலின் மட்டம், முடிந்தபின் சாலைக்கு உத்தேசிக்கப்பட்ட மட்டம், இவற்றைக் காட்டும் வரைபடத்தின் நகல், கூடவே செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதத்தைக் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும்கூட இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது. எனக்கும் மனு எழுதும்வரை தெரியாது. முப்பது நாட்களுக்குள் வர வேண்டிய பதில் நாற்பத்திரண்டாம் நாள் வந்தது. அளவுப் புத்தகத்தின் நகல் இருந்தது. எத்தனை கனமீட்டர் ஜல்லி, எத்தனை சதுரமீட்டர் தார் என்று கையெழுத்தோடு அழகாக இருந்தது. மட்ட வரைபடத்துக்கு எதிரே "ஆவணம் ஏதுமில்லை" என்று ஒரே வரி. போட்ட பொருளுக்குக் கணக்கு இருக்கிறது. எந்த உயரத்தில் போட வேண்டும் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. கொட்டும் ஒவ்வொரு கனமீட்டருக்கும் பணம் உண்டு, மட்டம் சரியாக இருந்ததா என்று பார்த்துப் பணம் கொடுப்பாரில்லை என்றால், தெரு ஏறாமல் என்ன செய்யும்?

எங்கள் பகுதிசபைக் கூட்டத்திலும் இதைக் கேட்டேன். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதிசபையும் அமைப்பதற்கு 2022-இல் விதிகள் வந்தன. கிராமசபையைப் போல நகரத்திலும் மக்கள் எழுந்து நின்று கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பதே நல்ல செய்தி. ஆனால் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் பேசியதெல்லாம் "எப்போது முடிப்பீர்கள்?" என்ற ஒன்றைத்தான். அவர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள், எப்படியாவது ஒரு சாலை கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். நான் எழுந்து "எந்த மட்டத்தில் முடிப்பீர்கள்?" என்று கேட்டபோது, இவன் வேலையை நிறுத்திவிடுவான் போலிருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவர்களே என்னை முறைத்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஏழு மாதம் சேற்றில் நடந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவர்கள் வீடுகள் பெரும்பாலும் பின்னால் கட்டியவை, இன்னும் இரண்டு படி மிச்சம் இருக்கிறது.

ஆகவே இன்று காலை நானும் கொத்தனார் அண்ணனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். டியூப் லெவலை வைத்து, எங்கள் வீட்டுத் தரை மட்டத்தைத் தெருவின் இருபுறமும் ஒப்புக்கொண்ட ஒன்பது வீட்டுச் சுற்றுச்சுவர்களில் சிவப்புக் கோடாக இழுத்துவிட்டோம். அதன்கீழே இன்றைய தேதியும், அந்தக் கோட்டிலிருந்து சாலை எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்ற அளவும் எழுதியிருக்கிறது. நம் வாசலில், இதோ, 15. நாளைக் காலை தார் போட வருகிறார்களாம். போட்டு முடித்த பிறகு இதே ஒன்பது இடங்களிலும் மறுபடி டேப் வைத்து, அந்த எண்களை உங்களுக்குக் காட்டுகிறேன். கேமராவை அணைத்துவிட்டு வருகிறேன். பெயிண்ட் காய்வதற்குள் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு யாரோ போன் பேசப் போகிறார்.